வியாழக்கிழமைக்கு ஒன்பது மிளகாய்

அன்பு மகள் நொய்னாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே பாங்காக்கில் நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒருநாள் முன்னாலேயே அறிவித்துவிடுகிறது. அங்கே ஸ்டாக்ஹோமில் நீயும், உன்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் தானத்தும் குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் அந்தப் பிள்ளை உன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறான், எனக்குத் தெரியாதா. இது அவன் காதில் விழக்கூடாத சமாச்சாரம். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவன் அம்மா போனில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள் என்று உன்னிடம் வந்து குதித்திருப்பான். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குத் தெரியும். அது எங்கிருந்து எப்படி வந்தது என்பதை நீ மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

வியாழக்கிழமை விருந்துக்கு நீ போட்ட உத்தரவு ஒன்றைக்கூட நான் மீறவில்லை. ஊதாப் பட்டு உடுத்திக்கொண்டேன், காலையில் ஒரு பிடி சோறுகூடச் சாப்பிடாமல் போனேன், அப்பா மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர் என்று சொல்லாமல் மின்சாரத் துறை என்றேன், அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்கு நடையே மாறிவிட்டது. சிட்லோமில் விருந்து நடந்த அதே ஷாப்பிங் மாலின் அடித்தளத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து பணக்காரர்களின் கால்சட்டைக்கு மடிப்புத் தைத்தவள் நான், ஆறாவது மாடிக்கு விருந்தாளியாகப் போனது இதுதான் முதல் தடவை. தானத்தின் அம்மா குன் வன்னிபா முத்துமாலை போட்டுக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டு குடை அகலத்துக்கு இருந்தது, நடுவில் ஒரே ஒரு இறால். உங்கள் இரண்டு பேருக்காகவும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் இரண்டு வருடமாக அவள் வாயிலிருந்து சரி என்ற சொல் வரவில்லை, அது வராமல் கல்யாணம் கிடையாது என்று தானத்தும் பிடிவாதமாக இருக்கிறான், போன மாதம் நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. நடுவில் ஒரு மிளகாய்த் துவையல் வந்தது, அவள் பக்கம் நகர்த்தினேன். “ஐயோ, எனக்குக் காரமே ஆகாதுங்க, வாசனை பட்டாலே தும்மல் வந்துடும்” என்று கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டாள். கடைசியில் நானே உன் பேச்சை எடுத்தேன். “பார்க்கலாம், பிள்ளைங்க இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கட்டுமே” என்றாள். இந்த ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

வாசலில் கும்பிட்டுப் பிரிந்தோம். எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் பசி. சாமான் ஏற்றும் வாசல் வழியாகப் பின்சந்துக்குப் போய்விட்டேன். அங்கே அப்படியேதான் இருக்கிறது, வாசனைத் திரவியக் கடைப் பெண்கள் முகமெல்லாம் பூச்சோடு பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி, உதட்டுச் சாயம் கலையாமல் வாயை மீன் மாதிரி திறந்து நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். பப்பாளிக்காய் இடிக்கும் புன்மா என்னைக் கண்டதும், “என்ன லம்யாய் அக்கா, பட்டெல்லாம் கட்டிட்டு, யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டாள். மேல்மாடி இறாலைப் பற்றிச் சொன்னேன். எனக்கு மூன்று மிளகாய் போட்டு இடித்துக் கொடுத்தாள், கூட வாட்டிய கோழியும் ஒட்டரிசிச் சோறும், எல்லாம் சேர்த்து நூறு பாட் காசுக்குள், அடி நொய்னா, முதல் கவளத்திலேயே என் கோபம் பாதி போய்விட்டது. அப்போது முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, சந்தைக்காரி தொப்பி, முழங்கால் வரை பிளாஸ்டிக் மழைச்சட்டை, இத்தனையும் மாட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். வெயில் அப்படிக் கொளுத்துகிறது, மழைச்சட்டை எதற்கு என்று பார்த்தேன். புன்மா எல்லோரிடமும் எத்தனை மிளகாய் என்று கேட்பவள், இவளிடம் கேட்கவே இல்லை, உரலில் போட்டுக்கொண்டே சத்தமாக எண்ணினாள், ஒன்பது வரைக்கும் போயிற்று. புளித்த மீன் சாறு இரண்டு கரண்டி. “வியாழக்கிழமைன்னா ஒன்பதுதான், இல்லக்கா? இடம் இல்ல, அந்த ஊதாப் பட்டு அக்கா எதிர்ல உட்காந்துக்குங்க” என்றாள். உட்கார்ந்தாள். சாப்பிடுவதற்காக முகக்கவசத்தை இறக்கினாள். குன் வன்னிபா.

நல்ல குணமுள்ள பெண்ணாக இருந்தால் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டிருப்பேன். நான், “தும்மல் வரலீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவள் கையில் இருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. “நீங்க இங்க என்ன பண்றீங்க?” என்றாள். “நீங்க பண்றதைத்தான்” என்றேன். ஒரு நிமிடம் என்னை முறைத்தாள், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பக்கத்து முக்காலிப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கொட்டத் தொடங்கினாள். பிறந்தது உபோன் பக்கம் நெல்வயல் நடுவில், கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் புளித்த மீனைக் காம்பவுண்டுக்குள்ளேயே விடவில்லை, முப்பது வருடம் முள்கரண்டியோடு வாழ்ந்துவிட்டாள். போன வருடம் வயிற்றுப்புண் வந்ததும் டாக்டர் மகன் தானத், காரத்தைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டான். வியாழன்தோறும் தலைமுடி அலங்காரத்துக்குப் போகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு இங்கே வருகிறாளாம். “தானத்துக்குத் தெரிஞ்சா செத்தேன், சொல்லிடாதீங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள், கையெல்லாம் மீன் வாசனை. எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது அந்த நொடியில்தான். இருந்தாலும் விடுவேனா, “சொல்ல மாட்டேன், ஆனா எங்க நொய்னா விஷயம்?” என்றேன். அவள் ஒரு சோற்றுருண்டையைத் தன் தட்டுச் சாற்றில் முக்கி என்னிடம் நீட்டினாள். மறுத்தால் காரியம் கெடும் என்று வாயில் போட்டுக்கொண்டேன். காதிலிருந்து புகை வந்தது. இன்னொன்று நீட்டினாள், அதையும் தின்றேன்.

சரியாக அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது, உன் தானத், வேலைக்குப் போகிற வழியில். “அம்மா எங்க இருக்க, ஒரே உரல் சத்தமா இருக்கே?” என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. அவள் முழித்தாள், புன்மாவின் உலக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சம்பந்தி கூட இருக்கேன்டா” என்றாள். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனை வைத்துவிட்டு, “வாய் தவறி வந்துடுச்சு” என்றாள். “திருப்பி வாங்கிக்கறீங்களா?” என்றேன். “அவன் அங்க நடுரோட்டுல நின்னு அழறான், எப்படி வாங்கறது? விடுங்க, நல்ல வார்த்தைதானே” என்று என் தட்டில் ஒரு கோழித் துண்டை எடுத்து வைத்தாள். நானும் அழுதேன். காரத்தில் அழுகிறேன் என்று நினைத்துப் புன்மா வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒன்பதை நாலாகக் குறைக்க அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன், அதனால் என்னைத் திட்டாதே. கல்யாணத் தேதி கேட்க ஞாயிறன்று பிக்குவிடம் போகிறோம். நீ பனியில் ஓடி விழாதே, அப்பாவுக்கு முழங்கால் பட்டை வாங்கி அனுப்ப மறக்காதே. இரண்டு பேரும் நூறு வயது ஒன்றாக இருங்கள், புத்தர் உங்களைக் காக்கட்டும். தானத் கேட்டால், அவன் அம்மா வியாழன்தோறும் சம்பந்தியோடு கோயிலுக்குப் போகிறாள் என்று சொல். சம்பந்தி என்ற வரைக்கும் அது உண்மைதான்.

என்றும் உன்
அம்மா லம்யாய்