கடைசி ஆளின் பூட்ஸ்

மார்ச் 4
இன்று காடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர். காட்டுக்குள் நுழையும் முன் எல்லாருக்கும் எங்கள் பூட்ஸ்தான், தேய்த்துக் கழுவியது. வெளி விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்பது குடும்பச் சட்டம். போட்டவன் நான். (தங்கை, தான் போட்டதாகச் சொல்லித் திரிகிறாள்.) ஆயிரம் வயது மரத்தை மூவாயிரம் என்றேன். ஒரு பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. என் குரல் அப்படி.

மார்ச் 9
புதுக் கதை ஒன்றை அவிழ்த்துவிட்டேன். "பெரிய மரத்தைத் தாண்டினா வரிசையில ஒரு ஆள் கூடும். கடைசியா வர்றவங்க திரும்பிப் பாக்கக் கூடாது." கூட்டம் கப்சிப். கடைசியாக வந்தவள் தங்கை மகள். யாரும் வழி தவறாமல் பார்த்து வருவது அவள் வேலை. விழுந்து விழுந்து சிரித்தாள்.
"அண்ணா, காது குத்த இந்தக் காடுதான் கிடைச்சுதா?" என்றாள் தங்கை. பொறாமை.

மார்ச் 15
எட்டு ஜோடி பூட்ஸ் கொடுத்தோம். ஒன்பது திரும்பியது. ஒன்பதாவதில் பாசி — உள்பக்கம்.

மார்ச் 16
தங்கையிடம் சொன்னேன். "அந்த ஆளுக்கும் காப்பி போடவா?" என்கிறாள். காலமெல்லாம் ஒன்றை மூன்றாக்கியவன், ஒன்றை ஒன்று என்றால் எவர் நம்புவார்?

மார்ச் 17
"மாமா, என் முதுகுக்குப் பின்னாடி யாரோ மூச்சு விடுறாங்க. நீங்கதானே ஆள் செட் பண்ணினீங்க?"
ஆமாம் என்றேன். என் கதைக்கு இவ்வளவு மதிப்பா என்ற குஷியில் — சே, ஏன் சொன்னேன்?
"நாளைக்குத் திரும்பி கையும் களவுமா பிடிக்கிறேன் பாருங்க!"

மார்ச் 18
காலையிலேயே உண்மையைச் சொன்னேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "நடிப்புல உங்களை அடிச்சுக்க ஆளில்லை மாமா" என்றாள். இனி என்ன செய்ய? தொண்டை கட்டிவிட்டது, நீயே முன்னால் போய்ப் பேசு என்றேன். என் வாயிலிருந்தா இப்படி வருகிறது என்று தாயும் மகளும் வாயைப் பிளந்தார்கள்.
கடைசியாக நான் நடந்தேன். மரத்தைத் தாண்டியதும் பிடரியில் மூச்சு. ஈரமான மூச்சு. திரும்பவில்லை.

மார்ச் 30
இப்போது தினமும் அவள்தான் முன்னால். மரத்துக்கு ஆயிரம் வயது என்றுதான் சொல்கிறாள். அதற்கே வாய் பிளக்கிறார்கள்.
தொண்டை சரியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.
சாயங்காலம் என் பூட்ஸோடு அந்த ஜோடியையும் நானே கழுவுகிறேன். கை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு, யாரோ இப்போதுதான் கழற்றியதுபோல்.
இதில் எதையும் கூட்டி எழுதவில்லை.