அட்டியலும் கைகளும்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
2006 செப்டெம்பர் 4

மதிப்புக்குரிய குணேஸ்வரி மச்சாளுக்கு,

உங்கள் அம்மாவின், அதாவது என் மாமியின், ஓவியப் படத்தை நான் விற்றுவிட்டதாக உங்கள் மகன் அருமைராசா ரொறன்ரோ முழுக்கச் சொல்லித் திரிகிறானாம். நான் விற்கவில்லை. இங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்கு ஆறு மாத இரவலாகக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்திட்ட தாள் என்னிடம் இருக்கிறது. எனக்கு மறதி வந்துவிட்டது என்றும் சொல்கிறானாம். அவனுடைய பிறந்த நாளுக்கு வருடாவருடம் வாழ்த்து அட்டை போவதை அவன்தான் மறந்துவிட்டான்.

உங்கள் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது பத்திரிகை வாசிக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். ஆகவே இதை நீங்களே வாசியுங்கள். அவனிடம் வாசிக்கக் கொடுக்கவேண்டாம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது நானும் உங்கள் தம்பியும் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பாயில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கைதடிப் பாலம் கடந்தது உங்களுக்குத் தெரியும். உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு அதைத்தான் கொண்டுவந்தோம். அப்படிப்பட்ட படத்தை விற்பேனா?

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூன் மாதம் அருங்காட்சியகத்தார் இரவல் கொடுத்தவர்களையும் தமிழ்ச் சனத்தையும் கூப்பிட்டுத் தேநீர் தந்தார்கள். ஒரு நாற்பது பேர் இருக்கும். அதில் றோசா என்றொரு பெண் பேத்தியோடு வந்திருந்தாள். இங்கே தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்று வேலை செய்தவள். மாமியின் படத்துக்கு முன்னால் அழுதுகொண்டு நின்று, பேத்தியிடம், இது என்ர அம்மாவின்ர கை, பிள்ளை என்றாள். அவளுடைய தாய் கதிராசி, நம் வீட்டில் நெல் குத்தியவள்.

நான் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் கேட்க, உன்ர கொம்மா எங்கட வீட்டு முற்றம் தாண்டியிருக்கமாட்டா, பொய் சொல்லாதே என்றேன். அவள் கோபிக்கவில்லை. பதினொரு நாள் தாண்டினவ அக்கா, பின்கதவால வந்து பின்கதவால போனவ என்றாள். பிறகு, அம்மாவின்ர இடது பெருவிரல் நகம் உலக்கை பட்டு ரெண்டாய்ப் பிளந்தது, படம் வரைய வந்த ஹென்றி துரை அதையும் அப்படியே கீறினவராம் என்றாள். உண்மையைச் சொல்வதானால், அவள் சொன்ன கதையைவிட, நாச்சியார் என்று கூப்பிடவேண்டியவள் அக்கா என்றதுதான் அன்று என்னைச் சுட்டது. வாசலைக் காட்டினேன். போய்விட்டாள்.

அப்போது படத்தில் நகமே தெரியவில்லை. எழுபது வருடத்து விளக்குப் புகை கைகளை மூடியிருந்தது. ஓகஸ்ட்டில் படத்தைத் துப்புரவாக்கிய பிரெஞ்சுக்காரப் பெண் என்னை வரச்சொன்னாள். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் தந்து, முகம் புகைப்படத்தைப் பார்த்துக் கீறியது, கைகள் ஓர் ஆளை முன்னால் இருத்திக் கீறியவை என்று விளக்கினாள். பார்த்தேன். காப்புகளுக்குக் கீழே காய்ப்புப் பிடித்த விரல்கள். இடது பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருக்கிறது.

மாமியின் விரல்கள் எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அந்தக் கையில் கோப்பி கொடுத்தவள் நான். கடைசியில் குளிப்பாட்டியவளும் நான்தான்.

அன்று வீடு வந்துதான் நீங்கள் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. ஐம்பத்துநாலில் என் கலியாணத்தன்று, படத்தில் கழுத்தில் இருக்கும் அதே அட்டியலை எனக்குப் பூட்டியபோது, படம் கீறி முடிந்த அடுத்த நாளே அம்மா தட்டாரைக் கூப்பிட்டு இதை உலையில் போடுவித்தவ என்றீர்கள். மெருகேற்ற என்று நினைத்துக்கொண்டேன். தன் கழுத்தில் கிடந்த நகையை யாராவது நெருப்பில் போட்டுச் சுத்தம் செய்வார்களா, மச்சாள்?

அந்நிய ஆண் பதினொரு நாள் பார்த்துக்கொண்டிருக்க, முதலியார் வீட்டு அம்மா இருப்பது மானக்கேடு. நம் இனத்துப் பெண் எவளும் இருக்கமாட்டாள். பார்த்தாலும் மானம் போகாது என்று நாம் நினைத்த ஒருத்தியை அழைத்து, அவள் சாதி தொடக்கூடாத பொன்னைப் பூட்டி இருத்தினோம். இதை நான் எழுதவேண்டி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

படத்துக்குக் கீழே வைக்கும் பெயர்ப் பலகை இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. இப்போது அதில் தையல்நாயகி, முதலியாரின் மனைவி, 1936 என்று மட்டும் இருக்கிறது. கதிராசியின் பெயரும் வரவேண்டும் என்று கேட்டேன். படம் கீறிய பிறகு பிறந்த நானும் றோசாவும் சொல்வது போதாது, அந்த வீட்டில் அன்று இருந்தவர் எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். உங்கள் தம்பிக்கு அப்போது ஆறு வயது, இப்போது அவரும் உயிரோடு இல்லை. உங்களுக்கு ஒன்பது வயது. ஹென்றி துரைக்கு வர்ணக் கிண்ணம் கழுவிக் கொடுத்ததாக நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனவே அந்த அறையில் யார் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டபோது இருமினீர்கள். பிறகு அருமைராசா வாங்கி, அம்மாவைக் கரைச்சல்படுத்தாதேங்கோ மாமி, குடும்ப மானத்தைக் கெடுத்தால் சட்டத்தரணியிட்ட போவன் என்றான். போகட்டும். அவனுக்கு நான் பயப்படவில்லை. உங்கள் இருமலுக்குத்தான் பயப்படுகிறேன்.

நான் படித்த கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் தவறாக எழுதினால் சிஸ்டர் அடிக்கமாட்டார். எழுந்து நின்று, வகுப்புக்குக் கேட்கும்படி திருத்தி வாசிக்கச் சொல்வார். நாற்பது பேருக்கு முன்னால் நான் வாசித்தது தவறு. றோசாவின் வீடு இங்கிருந்து இரண்டு பஸ் தூரம். இரண்டு முறை தரிப்பிடம் வரை போய்த் திரும்பிவிட்டேன். வெறுங்கையோடு அவள் கதவைத் தட்ட எனக்குத் தெரியவில்லை.

வெளியே குளிர் தொடங்கிவிட்டது. முழங்காலை மூடி வையுங்கள். கடவுள் உங்களுக்குத் தெளிந்த கண்ணும் நடுங்காத கையும் தரட்டும்.

யார் இருந்தது என்று இரண்டு வரி, உங்கள் கைப்பட, பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். முத்திரை ஒட்டிய உறை இதற்குள் இருக்கிறது. தொலைபேசி எடுக்கவேண்டாம். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
பாலாம்பிகை