நீ கேட்ட கனமான தோட்டா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அக்காவும் குழந்தையும் இங்கே சௌக்கியம். வழக்கம்போல உன் சௌக்கியத்தைக் கேட்டு ஒரு வரி எழுத வந்தேன், தொடையில் ஓட்டையோடு படுத்திருப்பவனிடம் நலமா என்று கேட்பது என்ன லட்சணம் என்று பேனாவை வைத்துவிட்டேன், அப்புறம் கேட்காமலும் இருக்க முடியவில்லை. நலமா கண்ணா. கட்டு மாற்றும்போது ரொம்ப வலிக்கிறதா, சாப்பாடு வாய்க்குப் பிடிக்கிறதா. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு, பையனுக்கு வீட்டு ஞாபகம் வரட்டும்னுதான் அப்படி ஒரு ஆளைப் பக்கத்துல போட்டிருக்காங்க என்றார், தன் குறட்டையைத் தானே ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. பஸ் ஓட்டுவதை விட்ட பிறகும் அவருக்குப் பஸ் விடவில்லை. காலையில் காப்பி டம்ளரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவில் போகிற ஒவ்வொரு டிரைவரையும் திட்டுகிறார், இவன் கியரா போடறான், வண்டியை உதைக்கிறான் என்று. அக்கா பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது, மாமாவுக்குக் காட்டணும் என்று தீப்பெட்டிக்குள் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள், யாரும் தொடக்கூடாதாம்.

உனக்கு அடிபட்ட அன்று போனில் நடந்த கூத்தை அக்கா உனக்குச் சொல்லியிருப்பாள், அவள் சொன்னால் கண்ணும் மூக்கும் வைத்துத்தான் சொல்வாள், நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டாச் சோதனைக் கூடத்தில் நான் காய்ச்சுகிற ஜெலட்டின் கட்டி உனக்குத் தெரியும். தூளைக் கரைத்து, நுரை வராமல் காய்ச்சி, அச்சில் ஊற்றி, குளிர் அறையில் உறைய வைத்து எடுத்தால் மனிதச் சதையின் பதத்துக்கு வரும். அதற்குச் சிப்பாய்த் துணியைப் போர்த்தி மேசைமேல் உட்கார வைத்து அதைப் பார்த்துச் சுடுவார்கள். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். புதுத்துணி உடுத்தி, நடுவில் உட்கார்ந்து, எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, வாயே திறக்காமல் இருப்பதால் அந்தப் பெயர், வைத்தவர் என்றோ வேலையை விட்டுப் போய்விட்டார். குண்டு கட்டிக்குள்ளேயே நின்றால் தங்கிடுச்சு என்போம். முன்னால் நுழைந்து பின்னால் நேராகப் போய் மணல் பெட்டியில் விழுந்தால் வீண் என்போம், வேகமெல்லாம் மணலுக்குத்தான் போனது, மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில், குண்டு உள்ள தங்கலைம்மா, தொடைல புகுந்து அந்தப் பக்கமா வெளிய போயிடுச்சு என்றாள். எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை, இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாக, அப்போ வீண்தான் என்றது. செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் நின்றிருந்த அப்பா அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார், அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உள்ளேயிருந்து அலறிக்கொண்டு வந்தாள். அந்த நர்ஸ் பொண்ணு, என்னம்மா நீங்க பெத்த தாயா, பையன் உயிரோட இருக்கான், வீண்ங்கறீங்க என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எப்படி விளக்குவேன், என் வாழ்க்கையிலேயே அந்த வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னது அன்றைக்குத்தான் என்று. அப்பா சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. நீ இரண்டு தடவை சுட்டாய், இரண்டும் பட்டது, ஆனாலும் அந்த ஆள் விழாமல் வந்து உன்னைச் சுட்டான் என்று எழுதியிருந்தாய். நம்ம சின்னக் குண்டால ஆள் நிக்கலைம்மா, எடையைக் குறைச்சவங்க ஒரு தடவை எதிர்ல நின்னு பாக்கட்டும் என்று நீ எழுதிய வரியை அப்பா இரண்டு முறை உரக்கப் படித்தார். என் பிரிவில் இருக்கிற பசங்களுக்காவது கனமான தோட்டா வர வேண்டும், எந்தத் தோட்டா என்று முடிவு செய்கிற கூட்டத்தில் நீதான் அளவு சொல்லப் போகிறாய், ஒரு வார்த்தை எங்களுக்காகச் சொல்லு, நான் எழுந்து திரும்பிப் போகும்போது அது அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ என்னிடம் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் செருப்பு கடித்தால்கூடப் புதுசு கேட்காமல் நொண்டிக்கொண்டே பள்ளிக்குப் போவாய். அதனால் நீ கேட்டதும் எனக்கு வேறு யோசனை ஓடவில்லை, செய்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஆனால் உன் கடிதத்தையே மறுபடி படித்தபோது வேறொரு வரி கண்ணில் தைத்தது. நீ விழுந்ததும் உன் கூட்டாளி கட்டையன் உன் காலரைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டான், வண்டி வருகிற வரை பசங்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருந்தாய். வண்டி வர ரொம்ப நேரம் ஆனது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அவ்வளவு நேரம் சுட அவர்களிடம் தோட்டா இருந்தது, ஏனென்றால் அது லேசானது. இதை எங்கள் பெரிய இன்ஜினியரிடம் சொன்னேன், நீ அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பாய், திட்டாதே, நல்ல மனிதர். லேசான குண்டுக்கு ஆதரவாக இருந்தவர் அவர்தான், அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கனமா இருந்தா ஆளை நிறுத்தும், ஆனா பையில கொஞ்சம்தான் கொள்ளும், லேசா இருந்தா நிறைய கொள்ளும், ஆனா நிறுத்தாது, ரெண்டும் வேணும்னா சிப்பாய்க்கு மூணாவது தோள் முளைக்கணும், அதுக்கு என்கிட்ட வரைபடம் இல்லைம்மா என்றார். இன்னொன்றும் சொன்னார், உன் தொடையில் போனதும் எதிர்ப்பக்கத்தார் நம்முடையதைப் பார்த்துச் செய்த லேசான ரகம்தானாம். அது மட்டும் கனமானதாக இருந்திருந்தால் உன் காலை யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை. நாம் கனத்துக்குப் போனால் அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள், அதுவும் அவருக்குத் தெரியும்.

கனமான தோட்டாவைச் சுட்டுப் பார்த்த அன்று முதல் குண்டே மாப்பிள்ளைக்குள் தங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். வழக்கமாக நானும் தட்டுவேன், காய்ச்சினவள் நான்தானே. அன்றைக்குக் கை தட்டாமல் கட்டியை அறுத்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். என் கைமுட்டி உள்ளே போகிற அளவுக்கு இடம் இருந்தது. அளவு எடுத்துப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன், குரல் சரியாக வரவில்லை, ஜலதோஷமாக்கா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அப்புறம் சாமான் அறையில் இரண்டு ரகத்தையும் கேட்டு வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தேன். லேசானதில் தோட்டா அடைத்த ஐந்து மேகசின் எவ்வளவு எடையோ அதே எடைக்குக் கனமானதில் மூன்றுதான் வருகிறது. தராசு சொன்னால் போதாது என்று அந்த மேகசின்களைப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினேன், நீ சுமக்கிற மற்றதெல்லாம் இல்லாமல் வெறும் அதோடு. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, அக்கா ராணுவத்துல சேந்துட்டீங்களா, சொல்லவே இல்லையே என்றார். சிரித்தேன். உன் இடுப்பில் எப்போதும் இருக்கிற அந்தக் கருப்புத் தழும்பு எதனால் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது, நான் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளி என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

போன வாரம் கூட்டம் நடந்தது. நீள மேசை, எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில், யாரும் குடிக்கவில்லை. என்னிடம் அளவு கேட்டார்கள், சொன்னேன். வேறு ஏதாவது சொல்லணுமா என்று தலைவர் கேட்டார். எல்லாருக்கும் உன் விஷயம் தெரியும். நீ சொன்னதைச் சொன்னேன், ரெண்டு தடவை பட்டும் ஆள் நிக்கலைன்னு என் பையன் எழுதியிருக்கான் என்றேன். கட்டையனும் மற்றவர்களும் சுட்டுக்கொண்டே இருந்ததால்தான் நீ பிழைத்தாய் என்பதையும் சொன்னேன், அது உனக்குப் பிடிக்காது, ஆனால் ஒன்றைச் சொல்லி ஒன்றை விட எனக்கு மனசு வரவில்லை. முதலில் சொன்னதுதான் அவர்கள் காதில் நின்றது. கனமானதற்கே முடிவானது. மூன்று மேகசின் போதாது, நான்கு என்று வைத்தார்கள், அதற்கேற்ற துப்பாக்கியும் கனம், ஆக எடையும் கூடிவிட்டது, எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. நீ கேட்டது கிடைத்துவிட்டது கண்ணா. முதலில் உங்கள் ஆட்களுக்குத்தான் வரப் போகிறது.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. முடிவான பிறகு ராணுவ டாக்டர் ஒருவர், எங்கள் வரிசையில் கடைசியில் இருந்தவர், புதுச் சுமை வந்தால் காலில் அடிபட்டவர்களை முன்வரிசைக்கு அனுப்ப முடியாது, பழைய சுமையே அவர்களுக்கு உள்ள வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இது தாண்டிவிடும் என்றார். யாரோ சரி என்று குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். நீ இனி உன் பிரிவுக்குத் திரும்ப முடியாது. கிடங்கிலோ பயிற்சிக் கூடத்திலோ போடுவார்கள். ஆபீஸ் உத்தரவு வந்து நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் என் வாயால் தெரிய வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். டாக்டர் அதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன், மேசைக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் வெட்கம் வந்தது. நீ உன் பசங்களுக்காகக் கேட்டாய், நான் உன்னை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டேன். தெரிந்து செய்யவில்லை, ஆனால் முன்னமே தெரிந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேனோ என்னவோ. அப்பாவிடம் சொன்னேன், அவர் ஜன்னலை விட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

நேற்று கட்டையனின் அம்மா போன் செய்தாள், அவள் வேலை பார்க்கிற சலவைக் கடையிலிருந்து, பின்னால் இயந்திரச் சத்தம். உன் இடத்தில் இப்போது தன் மகன்தான் முன்னால் போகிறான் என்று சொல்லிவிட்டு, அக்கா நீங்க அங்கயே வேலை பாக்கறீங்க, உங்களுக்குத்தான் தெரியும், புதுசு வந்தா என் பையனுக்கு நல்லதுதானே என்று கேட்டாள். ஆமாம்மா, அவன் சுட்டா ஆள் நிக்கும் என்றேன். எத்தனை தடவை சுட முடியும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்க பையன் சீக்கிரம் எழுந்து வரட்டும்க்கா, அவன் கூட இருந்தா எனக்குப் பயமில்லை என்றாள். கட்டு பிரிக்கட்டும், பாக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வந்தால் அடக்கிக்கொள்ளாதே, கோபத்தோடேயே எழுது, நான் படித்துக்கொள்கிறேன். காலைத் தொங்கப்போட்டு உட்காராதே, டாக்டர் நடக்கச் சொன்னால் சோம்பல்படாதே, ராத்திரி மாத்திரையை விடாதே. நீ நீண்ட ஆயுளோடு, இரண்டு காலும் திடமாக, மனசும் திடமாக இருக்க அம்மாவின் ஆசிகள், அப்பாவின் ஆசிகளும். ஒன்று மறக்காதே, கட்டையன் அம்மாவுக்கு நீயே ஒரு வரி எழுதிவிடு. எனக்கு வாய் வரவில்லை.

உன்னைப் பத்திரமாகப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷப்பட்டுக் கூசிப்போயிருக்கும்,
உன் அம்மா