பலகையில் டானாவின் முகம்

மில்வாக்கி, ஜனவரி 9

அன்பு மகள் டானாவுக்கு,

அப்பா நலம். எவனோ ரசிகன் உன் நம்பரை ஊரெல்லாம் பரப்பிவிட்டதால் போனையே தூக்கிப் போட்டுவிட்டாயாம். அதனால்தான் கடிதம்.

நம் ஊர் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் மார்லன் டீக்ஸ், அணியை விட்டுப் போகப்போகிறானாமே. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் என் ஏஜென்ட் பாத்துக்கறாங்க" என்று டிவியில் கண்கலங்கினான். பாவம், பச்சைப்பிள்ளை. ஏஜென்ட்டாக அவனுக்காகப் பேரம் பேசுவது உன் தொழில், சரி. அதற்காக அவன் மனதைக் கலைப்பாயா?

நான் வழக்கமாகப் போகும் ஸ்டான் பாரில், டார்ட் என்கிற குட்டி அம்பு எறியும் பலகையில் உன் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். "ஜெரோம் எறிய மாட்டான்டா, பெத்த பாசம்" என்று என்னைக் கிண்டல் வேறு. எறிந்தேன். நெற்றியில் பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


சிகாகோ, ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் குறி தப்பாததில் சந்தோஷம்.

ஒன்று சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். போகவேண்டும் என்றவனே மார்லன்தான். "இந்த ஊர்ல இனிமே குப்பை கொட்ட முடியாது. என்னை வெளிய எடு, ஆனா பழி எம்மேல வரக்கூடாது" என்றான். எங்கள் தொழிலே அதுதான் அப்பா. அன்பு ஆட்டக்காரனுக்கு, வசவு எனக்கு. இது வெளியே தெரிந்தால் எந்த ஆட்டக்காரனும் என்னை நம்பமாட்டான். பிழைப்பே போய்விடும்.

அந்தப் போட்டோவை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் டானா


மில்வாக்கி, ஜனவரி 25

அன்பு டானா,

ரேடியோ கேட்டாயா? விளையாட்டு நிகழ்ச்சியில் நேற்று உன்னைப் பாம்பு என்றான் ஒருவன். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்கே போன் போட்டு, உன் கடிதத்தை அப்படியே வாசித்துவிட்டேன். வழக்கமாக என்னைப் பாதியில் துண்டிக்கும் தொகுப்பாளன், நேற்று கடைசிவரை பேசவிட்டான். என் குரல் நன்றாக இருந்ததாம்.

ஆனால் ஒருவரும் நம்பவில்லை. "பெத்த அப்பன்கிட்டயே புளுகுறா பாரு" என்கிறார்கள். யோசித்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அப்பா


சிகாகோ, பிப்ரவரி 3

அப்பா,

ரசிகர்கள் நம்பவில்லை. ஆட்டக்காரர்கள் நம்பிவிட்டார்கள். மார்லன் என்னை விலக்கிவிட்டான். என்னிடம் இருந்த மற்ற மூன்று ஆட்டக்காரர்களும் அதே வாரம் போனார்கள். ஆபீஸில் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

நீங்கள் எறிந்ததிலேயே இதுதான் சரியாகப் பட்டது.

டானா


மில்வாக்கி, ஜூலை 11

அன்பு மகளுக்கு,

நீ பதில் போடுவதில்லை. வேலை இல்லாதவளுக்கு நேரம் இல்லையா?

உன்னை விலக்கியதும் மார்லன், "நான் எங்கயும் போகலை, இது என் ஊரு" என்றான் இல்லையா? ஊரே கொண்டாடியது. ஸ்டான் பாருக்கே வந்து என் சட்டையில் கையெழுத்துப் போட்டான். தங்கமான பையன்.

நேற்று மியாமி அணிக்குப் போய்விட்டான். விமானம் ஏறும்போதுகூட அழுதான். எல்லாம் அந்தப் புது ஏஜென்ட் செய்த வேலை.

நீ கேட்டபடி உன் போட்டோவை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது அந்தப் புது ஏஜென்ட்டின் படம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பாரில் போடும் மீன் வறுவல் சாப்பிட வாயேன். கூச்சப்படாதே, இங்கே யாருக்கும் உன் முகம் ஞாபகமில்லை. வந்தால் நீயும் ஒரு கை எறியலாம்.

அன்புடன்,
அப்பா