எட்டில் நின்ற முள்

மாமா,

கரண்டு அளக்கிற புது மீட்டர் வந்து நாலு நாள் ஆகிறது. வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்தது. கூடவே அதற்குரிய ஷண்ட்டும் வந்தது. இரண்டு முனையிலும் பித்தளைக் கட்டை, நடுவில் மெல்லிய பட்டை. கையில் எடுத்ததும் புதுப் பித்தளை வாசனை. அதன் மேல் ஐம்பது என்று எண் அடித்திருந்தது. மீட்டரின் முகத்திலும் முள் போய் நிற்கும் கடைசி எண் ஐம்பது. நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனாலும் இரண்டும் ஒரே எண் என்று பார்க்கத் தெரியும்.

அப்புறம் உன் பழைய ஷண்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன். பச்சைக் களிம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். நூறு என்று தெரிந்தது. பக்கத்தில் உன் பழைய மீட்டர், ஐம்பது.

அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது நீ திட்ட விட்டாயா? வாயைத் திறந்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து கேள்.

நான் பழையசீவரத்திலிருந்து வாழ வந்த புதிதில் இந்தக் கடையைப் பார்த்துப் பயந்தேன். முன்னால் கடை, பின்னால் அடுப்படி. பெஞ்சு நிறைய லாரி பேட்டரியும் டிராக்டர் பேட்டரியும் மைக் செட்டு பேட்டரியும் வரிசையாக நின்று குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். ஆசிட் வாடை சோற்றில்கூட ஏறும். உத்திரமேரூரில் மற்றவர்கள் ஒயரை உரசிப் பொறியைப் பார்த்துக் கரண்டை மதிப்புப் போட்டார்கள். உன்னிடம் மட்டும் மீட்டர் இருந்தது. அந்தக் கர்வம் உனக்கு மீசையைவிடப் பெரியது.

அவ்வளவு கரண்டும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளேயா போகிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

"போனா முள்ளு எரிஞ்சி பூடும். கரண்டு போறது இந்த ஷண்ட்டுப் பட்டை வழியா. மீட்டரு ஓரமா நின்னுக்கினு பாக்குது, அவ்ளோதான். மதகாண்ட நட்டு வெச்ச கல்லப் பாத்து ஏரியில எவ்ளோ தண்ணின்னு சொல்றோம் இல்ல, அந்த மாதிரி."

"கல்ல மாத்தி நட்டுட்டா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றாய். ஆனால் அன்றைக்கு நீ சந்தோஷமாக இருந்தாய். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்டாட்டி கேட்ட கேள்வியைப் பாரு என்று சொன்னாய். அந்த ஆளைத்தான் எனக்குப் பிடித்தது. அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு உன்னைத் திட்டப் போகிறேன்.

அந்த ஷண்ட்டை ஆசிட் தின்று ஒரு நாள் முனை உடைந்து விழுந்தது. நீ காஞ்சிபுரத்துப் பழைய இரும்புக் கடையில் தேடி இன்னொன்று கொண்டுவந்தாய். பெரியது. மாட்டிப் பார்த்தால் முள் பாதிதான் ஏறியது. உனக்கு உடனே புரிந்துவிட்டது. இது நூறுக்கு உண்டானது, நம் மீட்டர் ஐம்பதுக்கு உண்டானது, நாலு காட்டினால் எட்டு என்று எடுத்துக்கொள் என்றாய். ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடி மேல் ஒட்டிவிடு என்று நான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. நீ கேட்கவில்லை. லாரிக்காரன் முள் ஆடுவதைத்தான் பார்ப்பான், எண்ணைப் பார்க்க மாட்டான், சீட்டு ஒட்டினால்தான் இவன் மீட்டர் பொய்யா என்று கேட்பான் என்றாய்.

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வேற எவனுக்குத் தெரியணும்?"

வேறு ஒருத்தனுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது மாமா. உன் கூடப் பிறந்த தம்பிக்கு.

அன்று தாமலில் ஒரு டிராக்டர் நின்றுபோனது என்று காலையிலேயே நீ கிளம்பினாய். மானாம்பதியிலிருந்து ஏகாம்பரம் வந்திருந்தான். அண்ணன் கடையில் நிற்பது என்றால் அவனுக்குத் திருவிழா மாதிரி. நான் உனக்கு நாஷ்டா கட்டிக்கொண்டிருந்தேன். நீ பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவனிடம், அந்த மைக் செட்டு பேட்டரியை எட்டில் வை என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னிடம் எப்போதும் நாலு என்பாய். வெளி ஆளிடம் எட்டு என்பாய். அன்று தம்பியிடம் வெளி ஆளுக்குச் சொல்வதைச் சொன்னாய். நான் உள்ளே இருந்தேன், காதில் விழவில்லை.

அவன் சார்ஜர் குமிழைத் திருகி முள்ளை எட்டில் நிறுத்தினான். சொன்னதை அப்படியே செய்தான். நான் உலையில் அரிசி போட்டுவிட்டு முன்னால் வந்தபோது பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட முடியாத சூடு. அவன் குனிந்து மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முள்ளைப் பார்த்தேன். எட்டில் நின்றது. "தள்ளிப் போ" என்று கத்திக்கொண்டே ஓடிக் குமிழைக் குறைக்கத் திருகினேன். நான் கத்திய பயத்தில் அவன் கிளிப்பைப் பிடித்து இழுத்துவிட்டான். ஒரு பொறி. அவ்வளவுதான். பேட்டரி வெடித்து ஆசிட் அவன் முகத்தில் அடித்தது. அண்டாத் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். அதனால்தான் ஒரு கண்ணாவது மிஞ்சியது. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் கடைசியாக இரண்டு கண்ணாலும் பார்த்தது குமிழ் மேல் இருந்த என் கையைத்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் பொய் சொல்லவில்லை. அண்ணன் எட்டில் வைக்கச் சொன்னார், எட்டில் வைத்தேன், அண்ணி வந்து திருகினாள், வெடித்தது என்றான். எட்டில் வைத்தால் எந்தப் பேட்டரியும் கொதிக்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அத்தை, பெற்ற பிள்ளை என்றும் பாராமல் உன் சட்டையைப் பிடித்து, யாருடா முள்ளை வைத்தது என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நீ சொல்லப் போகிறாய் என்று நானும் உன்னைப் பார்த்தேன்.

"கடையில இவதான் இருந்தா" என்றாய்.

அது பொய் இல்லை. கடையில் நான்தான் இருந்தேன். அந்த ஒரு பேச்சில் என்னைத் தூக்கி அவர்கள் முன்னால் போட்டாய். ஆஸ்பத்திரிக் குழாயடியில் உன்னைத் தனியாகப் பிடித்து, அவனுக்கு ஏன் எட்டு என்று சொன்னாய் என்று கேட்டேன். நீ அழுதாய். அழுதுகொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை.

"நான்தான். எனக்குத் தெரியாதா? ஆனா இத்த வெளிய வுடாத. என்னிய அவன் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். நீ வெளியூட்டுப் பொண்ணு. நாலு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்பான், அப்பறம் சரியாப் பூடுவான்."

நாலு நாள். ஆறு வருஷம் ஆயிற்று மாமா.

கொழுந்தன் கண்ணைத் தின்னவள் என்று எனக்குப் பேர் வந்தது. அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு மானாம்பதிக்கே போய்விட்டாள். ஏகாம்பரம் மகளுக்குக் காது குத்தியபோது உனக்கு மட்டும் பாக்கு வெற்றிலை வைத்தார்கள். நீயும் போனாய். பொட்டலத்தில் லட்டு கொண்டுவந்து நீட்டினாய். நான் அதைக் கோழிக்குப் போட்டேன். கோழி தின்பதை நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

எல்லாவற்றையும்விட இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த ஷண்ட்டை நீ மாற்றவே இல்லை. மாற்று, மாற்று என்று நான் அடித்துக்கொண்டேன். இப்போது மாற்றினால் ஏன் மாற்றினாய் என்று எவனாவது கேட்பான் என்றாய். தம்பி கண்ணைக் கெடுத்த பட்டையை அதே ஆணியில், அதே இடத்தில், ஆறு வருஷம் வைத்து வேலை செய்தாய். தினமும் முள்ளைப் பார்த்து மனசுக்குள் இரண்டால் பெருக்கினாயே, அப்போது என் முகம் ஒரு தடவையாவது ஞாபகம் வந்ததா?

அப்புறம் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் மார்வலி என்று சாய்ந்தாய். இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. நமக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைத்தது ஏகாம்பரம்தான். பதினாறாம் நாள் நான் நீட்டிய தண்ணீரை வாங்காமல் கிளம்பிப் போனான். அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் செத்தவன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால்தான் புது மீட்டருக்கு எழுதிப் போட்டேன்.

நேற்று ஒயர் கூடையில் இரண்டு மீட்டரையும் இரண்டு ஷண்ட்டையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு மானாம்பதி பஸ் ஏறினேன். அத்தை வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டாள்.

"இன்னாத்துக்கு வந்த? இன்னொரு கண்ணு கீது, அத்தயும் எட்துக்கினு போலாம்னு வந்தியா?"

நான் கூடையை இறக்கி வைத்தேன். ஏகாம்பரத்திடம், வாசலில் நிற்கிற டிராக்டர் லைட்டைப் போட்டு இதில் ஒரு தடவை பார், பார்த்த பிறகு போ என்றால் போய்விடுகிறேன் என்றேன். அவன் என்ன நினைத்தானோ, ஸ்பானரை வாங்கிக்கொண்டான். லைட்டுக்குப் போகிற ஒயரை அவிழ்த்து, இரண்டு ஷண்ட்டையும் ஒன்றின் பின்னால் ஒன்றாக அவனே முடுக்கினான். ஒரே கரண்டு இரண்டு பட்டை வழியாகவும் போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் அதன் மீட்டரைக் கொடுத்து ஸ்விட்சைப் போட்டான். வெயிலில் லைட் எரிவதுகூடத் தெரியவில்லை. அவன் நல்ல கண் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் குனிந்தான்.

புது முள் எட்டு. உன் முள் நாலு.

பழைய மீட்டர் கெட்டுவிட்டது என்றான். அவன் உன் தம்பி, அதோடு விடுவானா? ஸ்விட்சை அணைத்து, ஷண்ட்டை மாற்றிக் கொடுத்துப் பார்த்தான். புது ஷண்ட்டில் உன் மீட்டர் ஒழுங்காக எட்டு காட்டியது. உன் ஷண்ட்டில் புது மீட்டர் நாலு காட்டியது. அவன் கை நின்றுவிட்டது.

"அன்னிக்கி நான் எட்டுல வெச்சேன்."

"அது பதினாறு" என்றேன்.

"நீ வந்து திருப்பின."

"கொறைச்சேன்."

அத்தை எழுந்து வந்து டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மீட்டர் புரியாது. மகன் முகம் புரிந்தது. அவன் என்னைப் பார்க்காமல், அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன்.

"உனக்கு?"

அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பொய் இல்லாத ஒரு பேச்சைக் கண்டுபிடித்திருப்பாய். எனக்கும் வாயில் வந்தது. புது மீட்டர் வந்த பிறகுதான் ஷண்ட்டில் நூறு என்று கண்ணால் பார்த்தேன். அது நிஜம்தானே? அதைச் சொல்லியிருந்தால் முழுதும் உன் தலையில் போயிருக்கும். நான் வெள்ளையாக வீடு திரும்பியிருப்பேன்.

"எனக்கும் தெரியும்" என்றேன்.

அவன் ஸ்பானரைக் கீழே போட்டான்.

"அண்ணன் பூட்டாரு. அவராண்ட நான் போய்க் கேக்க முடியாது. நீ கீற. அறுவது கிலோமீட்டரா நடுவுல? இந்தா கீது உத்திரமேரூரு. ஆறு வருசமா வாய மூடிக்கினு இருந்துட்டு இப்ப மீட்டரத் தூக்கினு வர. ஏன் அண்ணி? ஏன் சொல்லல?"

அவர் சொல்லாதே என்றார் என்று சொல்லலாம். நான் என்ன பாப்பாவா? உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் வாயை மூடினேன். அப்படி மூடியதில் எனக்கும் ஒரு கர்வம் இருந்தது என்று அவன் திட்டும்போதுதான் உறைத்தது. அவன் நிறுத்தவில்லை. கண் போனதுகூடப் பெரிசில்லை, என்னை வெறுத்தானாமே, அது எவ்வளவு பேஜார் தெரியுமா என்று கத்தினான். நான் நின்று கேட்டேன். உனக்கு விழ வேண்டியதையும் சேர்த்துக் கேட்டேன். திட்டி முடித்து அவன் உள்ளே போய்விட்டான். அத்தை வா என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நானே கூடையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் காதில் விழுந்தது. அண்ணி என்றான். ஆறு வருஷமாக அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் சாவு வீட்டில்கூட, அந்த அம்மாவை வரச் சொல் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினான். நேற்று அவ்வளவு கோபத்திலும் அந்த வார்த்தை அவன் வாயில் தானாக வந்தது. அவன் மன்னித்துவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. நானும் உன்னை மன்னிக்கவில்லை. அவன் திட்டு, அந்த வார்த்தை இரண்டும் என்னோடு இருக்கின்றன. யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

கடைப் பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும், "மாமா, அவன் என்னிய அண்ணின்னு கூப்ட்டான்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது. இதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான். அதுவும் இல்லாமல் பண்ணிவிட்டுப் போனாயே, அந்தக் கோபம் தனி.