சத்தம் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வேல்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், தங்கச்சி லீலா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் கப்பலில் அப்படியே இருக்க பூம்பாறை வேலப்பர் காவல் நிற்கட்டும். லீலா தூங்கிவிட்டாள், நான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் வேறு எது எழுதினாலும் கை ஓடாது. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்திலிருந்து நீ வீடியோவில் பேசினாயே, அதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. உன் முகம் தெரிந்தது, வாய் அசைந்தது, சத்தம் மட்டும் இல்லை. காமிராவிலேயே மைக் இருப்பதால் நான் பேசியது உனக்குக் கேட்டிருக்கும். நான் என்ன பேசினேன்? சரிப்பா, சரிப்பா என்று மட்டும்தான்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். கப்பல் கிளம்பப் போகிறது என்று முந்தின மெயிலில் எழுதியிருந்தாய். புறப்படுகிற பிள்ளை முகத்தைப் பார்த்து இல்லை, கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? விதைப்பூண்டு எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்புகிறவரையே சகுனத்துக்கு ஆகாது என்று எங்கே போகிறீர்கள் எனக் கேட்காத வீடு இது, நீ கடலுக்கல்லவா கிளம்புகிறாய். ஒரு நொடியில் சத்தம் வந்துவிடும், வந்துவிடும் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன், அதற்குள் படம் போய்விட்டது. சாட்டில் எழுதியிருக்கலாமே அம்மா என்று லீலா பிறகு கேட்டாள். அப்போது தோன்றினால்தானே. காற்றில் டவர் விழுந்ததிலிருந்து மன்னவனூரில் ஒரு செல்லும் எடுப்பதில்லை, இருப்பது இந்த கேபிள் இணையமும் உன் கம்ப்யூட்டரும்தான், அதுவும் ஊமையாகிவிட்டது.

கடைசியில் நீ இரண்டு விரலைக் காட்டி ஏதோ கேட்டாய். நான் சரி என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் கப்பலிலேயே இருக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டா, இரண்டு மாதமா, இரண்டு வருஷமா? அப்பாவுக்கு எல்லாம் கேலி. "எதுக்குத் தலையாட்டுனன்னு ஒனக்கே தெரியாது. பொண்ணு பாத்துட்டேன்னு சொல்லிருப்பான், நீ வேலப்பர்கிட்டப் பூப்போட்டுக்கூடப் பாக்காம சம்மதம் குடுத்துட்ட" என்று சிரித்தார். ஆனால் ராத்திரி அவரும் புரண்டு புரண்டுதான் படுத்தார், எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து எனக்கு இதே சோலிதான். ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது, பின்னாலிருக்கும் பச்சை ஓட்டையில் ஒயரும் சரியாகவே இருந்தது. லீலாவின் ஹெட்போனைச் செருகினேன், அதிலும் இல்லை. பூண்டுக் கட்டு கெடாமலிருக்க வீட்டுக்குள் போடுகிற புகை உள்ளே அடைத்திருக்கும் என்றார் அப்பா, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்ததில் கரிதான் வந்தது. "தட்டிப் பாரு, ரேடியோவா இருந்தா ஒரு தட்டுல பேசிருக்கும்" என்று கையை ஓங்கியவரைப் பிடித்து நிறுத்தினேன். திரையின் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி, சத்தம் போடும் கருவியே இல்லை என்று காட்டியது. டிரைவர் என்கிற மென்பொருளை இறக்கிப் போட்டால், போடுவதற்குக் கருவி எங்கே என்று அதுவும் கேட்டது. உன்னை மடியில் போட்டுக்கொண்டே டிகிரி பரீட்சைக்குப் படித்தவள் நான், இதற்கா தோற்பது என்று தேடித் தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே டெலிட் பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் வரும் என்று போட்டிருந்தது. ஏதாவது அழிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அழுத்தினேன். அங்கே ஆன்போர்டு ஆடியோ, அதாவது கம்ப்யூட்டரோடு கூடவே வருகிற சத்தக் கருவி, அந்த வரிக்கு நேராக டிஸேபிள்டு என்று இருந்தது. யாரோ வேண்டுமென்றே அணைத்து வைத்த மாதிரி.

யாரோ இல்லை, நீதான்டா. போன லீவில் பாட்டுக்கென்று தனி சவுண்டு கார்டு வாங்கிப் போட்டு, கூடவே வந்ததை அணைத்தாய், கப்பலுக்குத் திரும்பும்போது புதியதைக் கழற்றி உன் சிநேகிதன் ஆனந்திடம் கொடுத்தாய், பழையதைத் திரும்ப உயிர்ப்பிக்க மறந்துவிட்டாய். நீ போனபின் டவர் விழும்வரை செல்லிலேயே பேசியதால் யாருக்கும் தெரியவில்லை. எனேபிள் என்று மாற்றி எஃப் டென் அழுத்திச் சேமித்தேன். திரை இருண்டு, மறுபடி வெளுத்து, டிங் என்று ஒரு சத்தம். லீலா கைதட்டினாள். இனி எல்லாம் கேட்கும், ஆனால் நீ சொன்னது போனது போனதுதான்.

அதனால் கண்ணு, இதை நன்றாகப் படி. அந்தச் சரியை நம்பி எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே. என்ன கேட்டாய் என்று இரண்டு வரி எழுது, அப்பாவும் நானும் யோசித்துச் சொல்கிறோம். போட்டுவிட்டாய் என்றாலும் மறைக்காதே, திட்ட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, கப்பலின் மேல்தட்டில் ராத்திரி வெறும் சட்டையோடு நிற்காதே. குழந்தை வேலப்பர் உன்னைக் கரை சேர்க்கட்டும், நல்லாயிரு. ஒருவேளை நீ கேட்டது, அம்மா நான் வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்பதாக இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் நான் சொன்ன சரி சரிதான், நீ மறுபடி கேட்கவும் வேண்டாம்.

உன் பதிலுக்காகக் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்திருக்கும்
அம்மா விசாலாட்சி
மன்னவனூர்