ஒரு மூடித் தண்ணீர்

செவ்வாய், இரவு.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இவர் இன்றுதான் கடலுக்குப் போய்வந்தார். கரையேறியதும், மருந்து பாட்டில் மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்க நான் வைத்திருந்த செம்பைப் பிடுங்கி அண்ணாந்துவிட்டார். மடமடவென்று குடித்தால் அந்தச் சின்ன வயிறு தாங்காது, குடிக்காமல் விட்டாலும் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நான் வாய் திறப்பதற்குள் இவரே செம்பை இறக்கினார். "ஏ மேரி, மூடிய எங்கன வச்ச?"

இத்தனை வருஷமாக யார் பேச்சையும் கேட்காத மனுஷன்! வலை இழுத்துத் தோலுரிந்த கை, பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதுபோல அந்த மூடியை ஏந்தியது. நாக்கு வறண்டு நின்றவர், ஒவ்வொரு மிடறாக அந்தச் செம்பைக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மீனைக் கொண்டுவரச் சொல்லி ஏலக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூடியில் ஊற்றிக்கொண்டிருந்த நான் மீன் கூடையைத் தொடவேயில்லை.